பூட் ஆகாத லேப்டாப்புக்கு ரெக்கவரி பென்டிரைவ்: முதலில் கோப்புகள், பிறகு ரிப்பேர்

லேப்டாப் ஆன் ஆகிறது. கம்பெனி லோகோ வருகிறது. அதன் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, விண்டோஸ் மட்டும் வருவதில்லை. இல்லாவிட்டால் நீலத் திரை வந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆகி, மறுபடியும் அதே நீலத் திரையில் நிற்கிறது. இந்த நேரத்தில் அவசரப்பட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். லேப்டாப் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் டெஸ்க்டாப்பில் இருந்த கல்யாணப் படங்களும் வருடக் கணக்கான கணக்கு வழக்குகளும் போயிருக்கும். விண்டோஸ் போடப் பயன்படுத்திய அதே பென்டிரைவை வைத்தே அவற்றை முதலில் வெளியே எடுத்திருக்க முடியும். அந்த வரிசை மாறாமல் வேலையை முடிக்கத்தான் இந்தக் குறிப்பு. இதில் சொல்லும் படிகள் விண்டோஸ் 11 லேப்டாப்புக்கு. விண்டோஸ் 10-க்கும் பெரும்பாலும் இதே படிகள்தான்.

பென்டிரைவ் தேடும் முன் 2 சோதனை

பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடித்து முழுவதும் அணைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். லோகோகூட வராமல் திரை கறுப்பாகவே இருந்தால் கோளாறு ராம், திரை அல்லது மதர்போர்டில் இருக்கலாம். அதற்குப் பென்டிரைவால் பயன் இல்லை. லோகோ வந்தால் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் போய் (டெல், ஏசர், ஏசுஸில் எஃப்2, எச்பியில் எஃப்10) ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பெயரே இல்லை என்றால் டிஸ்க் கழன்றிருக்கிறது, அல்லது செத்துவிட்டது. அப்போதும் பென்டிரைவைத் தயார் செய்வதற்கு முன் டிஸ்க்கைத்தான் கவனிக்க வேண்டும்.

டிஸ்க் தெரிகிறதா? புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி 3 முறை செய்தால் பெரும்பாலும் விண்டோஸே தன் மீட்புத் திரையைக் காட்டும். அந்தத் திரை டிஸ்க்கிலேயே தனிப் பகுதியில் இருக்கிறது. அது வந்துவிட்டால் பென்டிரைவ் செய்யும் வேலை மிச்சம், கீழே பிட்லாக்கர் பகுதிக்கே போய், கோப்புகளை எடுத்தபின் ரிப்பேர் செய்யலாம். அந்தப் பகுதியும் கெட்டுப்போயிருந்தால்தான் பென்டிரைவ்.

என்னென்ன வேண்டும்

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், எனவே காலியானதை எடுங்கள். கோப்புகளைக் காப்பி செய்ய வேறொரு பென்டிரைவோ எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கோ தனியாக வேண்டும். பூட் பென்டிரைவையே இதற்கும் பயன்படுத்தினால் இடம் போதாது. அது ஃபேட்32 முறையில் இருப்பதால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பையும் ஏற்காது. கல்யாண வீடியோ ஒன்றே 4 ஜிபியைத் தாண்டிவிடும்.

அடுத்து, வேலை செய்யும் இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டர். நண்பருடையதாகவும் இருக்கலாம், பிரவுசிங் சென்டரிலும் இருக்கலாம். விண்டோஸ் 11 டவுன்லோட் 4 ஜிபிக்கு மேல் போகும், எனவே தினசரி டேட்டா வரம்புள்ள மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பித் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் பெரும்பாலும் முதலிலிருந்துதான்.

மலிவு விலை "512 ஜிபி" பென்டிரைவ்களை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். போலிக் கொள்ளளவு உள்ளவை எழுதும்போது பிழையே காட்டாது. பூட் ஆகி இன்ஸ்டால் பாதியில் போகும்போதுதான் கோப்பு கெட்டிருக்கிறது என்று நிற்கும்.

பென்டிரைவைத் தயாரித்தல்

எளிய வழி மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல். மைக்ரோசாஃப்ட் தளத்தின் விண்டோஸ் 11 டவுன்லோட் பக்கத்தில் இருந்து மட்டும் எடுங்கள். திறந்ததும் மொழி, எடிஷன் கேட்கும். "இந்த பிசிக்குப் பரிந்துரைக்கப்பட்டவை" என்ற டிக் இருந்தால் அதை எடுத்துவிட்டு, கெட்டுப்போன லேப்டாப்பில் என்ன மொழி இருந்ததோ அதையே தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பென்டிரைவின் டிரைவ் எழுத்தை (டி, ஈ போன்றது) இருமுறை சரிபார்த்து நெக்ஸ்ட் கொடுங்கள். இன்னொருவர் கம்ப்யூட்டரில் அவருடைய எக்ஸ்டெர்னல் டிஸ்க்கும் செருகியிருந்தால் அதை முதலிலேயே கழற்றிவிடுங்கள். தவறான எழுத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் அவருடைய தரவு போய்விடும்.

முடிந்ததும் பென்டிரைவின் பெயர் "ஈஎஸ்டி-யுஎஸ்பி" என்று மாறியிருக்கும். 64 ஜிபி பென்டிரைவ் போட்டிருந்தால் 32 ஜிபிதான் தெரியும். பென்டிரைவ் கெடவில்லை. அந்த டூல் அவ்வளவுக்குத்தான் பார்ட்டிஷன் போடும்.

விண்டோஸ் இன்ஸ்டால் கோப்புகள் எல்லாம் ஒன்றாக அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஏற்கெனவே கையில் இருந்தால், அதைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்ற டூல் நல்லது. ஐஎஸ்ஓவைக் கொடுத்ததும் பார்ட்டிஷன் ஸ்கீம் (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை) "ஜிபிடி", டார்கெட் "யூஇஎஃப்ஐ" (புதிய வகை பயாஸ்) என்று இருக்கிறதா பாருங்கள். அண்மைக் கால லேப்டாப்புகளுக்கு இதுதான் பொருந்தும். ஐஎஸ்ஓவில் உள்ள முக்கியமான இன்ஸ்டால் கோப்பு 4 ஜிபியைத் தாண்டுவதால் ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யும், அதை மாற்ற வேண்டாம். ஐஎஸ்ஓவில் உள்ளதை எல்லாம் ஃபேட்32 பென்டிரைவில் கையால் இழுத்துப் போட்டால் அந்த ஒரு கோப்பு மட்டும் ஏறாது. பலருக்கு அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

இரண்டு வருடம் முன்பு செய்து மேசையில் போட்டு வைத்த பென்டிரைவ் இருக்கிறதே என்றால், அதை நம்பாமல் புதிதாகச் செய்யுங்கள். பாதுகாப்புக் குறைபாடு காரணமாகப் பழைய பூட் கோப்புகளை செக்யூர் பூட் (நம்பகமான கோப்புகளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு வசதி) ஏற்காதபடி தடுக்கும் அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கிறது. அந்தத் தடை நடைமுறைக்கு வந்த லேப்டாப்பில் பழைய பென்டிரைவ் பூட் ஆகாது.

வேறு கம்ப்யூட்டரே இல்லை, ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் எட்ச்டிராய்டு என்ற செயலியும், பென்டிரைவைப் போனில் இணைக்கும் ஓடிஜி கேபிளும் போதும். விண்டோஸுக்குப் பதிலாகப் பென்டிரைவிலிருந்தே ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓவைப் போனிலேயே (சுமார் 3 ஜிபி) இறக்கிப் பென்டிரைவில் எழுதலாம். விண்டோஸை ரிப்பேர் செய்ய இது உதவாது, ஆனால் கோப்புகளை எடுக்க இதைவிட வசதியானது இல்லை.

பென்டிரைவில் இருந்து பூட் செய்தல்

சார்ஜரைச் செருகி வையுங்கள். பென்டிரைவை ஹப் வழியாக அல்லாமல் நேரடியாக லேப்டாப் போர்ட்டில் செருகுங்கள். ஆன் செய்த உடனே பூட் மெனு கீயை விட்டு விட்டுத் தட்டுங்கள்: டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12, ஆனால் சில மாடல்களில் பயாஸில் "எஃப்12 பூட் மெனு" என்பதை முதலில் எனேபிள் செய்திருக்க வேண்டும். சில லெனோவோக்களில் ஓரத்தில் ஊசி நுழையும் அளவு துளை இருக்கும், அதுதான் நோவோ பட்டன். லேப்டாப் அணைந்திருக்கும்போது அதைக் குத்தினால் மெனு வரும். கீ வேலை செய்யவில்லை என்றால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

மெனுவில் பென்டிரைவ் பெயர் 2 முறை தெரிந்தால் "யூஇஎஃப்ஐ" என்று தொடங்குவதை எடுங்கள். மற்றதை எடுத்து உள்ளே போனால், பின்னால் இன்ஸ்டால் செய்யும்போது "டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்கிறது, இதில் போட முடியாது" என்ற பிழை வரும். அப்போது டிஸ்க்கை அழிக்கத் தேவையில்லை. ரீஸ்டார்ட் செய்து சரியான வரியில் பூட் செய்தால் போதும்.

பிட்லாக்கர்

டிஸ்க்கில் உள்ளதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் (என்கிரிப்ட் செய்யும்) விண்டோஸ் வசதி இது. இங்கே பலரின் வேலை நின்றுவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த லேப்டாப்களில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். மீட்புத் திரை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் பதற வேண்டாம். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து டிவைசஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே பிட்லாக்கர் கீ இருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளும் அங்கே உள்ளதும் பொருந்துகிறதா பாருங்கள். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம் கேட்க வேண்டும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. மைக்ரோசாஃப்ட் அதற்கென்றே பூட் பென்டிரைவ் செய்யும் டூல் ஒன்றை வெளியிட்டது. அப்போதும் பல இடங்களில் கெட்ட கோப்பை நீக்குவதைவிட ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உரிய பிட்லாக்கர் கீயைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கீ இல்லாவிட்டால் எந்தக் கடையிலும் அந்தத் தரவை எடுக்க முடியாது.

கோப்புகளை வெளியே எடுத்தல்

மொழித் திரைகளைத் தாண்டியதும் "இன்ஸ்டால் விண்டோஸ் 11", "ரிப்பேர் மை பிசி" என 2 தேர்வு வரும். பழைய பென்டிரைவ் என்றால் "இன்ஸ்டால் நவ்" திரையின் இடது கீழ் மூலையில் "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" இருக்கும். ரிப்பேரை எடுத்து டிரபிள்ஷூட், பிறகு கமாண்ட் பிராம்ப்ட்.

கறுப்பு விண்டோ வந்ததும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போங்கள். கீழே "டெக்ஸ்ட் டாகுமெண்ட்ஸ்" என்று இருப்பதை "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சிறிய பெட்டியே உங்கள் எக்ஸ்ப்ளோரர். இடப்பக்கம் திஸ் பிசி. எழுத்துகள் மாறியிருக்கலாம், உங்கள் சி டிரைவ் இங்கே டி என்றோ ஈ என்றோ தெரியலாம். எக்ஸ் டிரைவ் மீட்புத் திரைக்கே உரியது, அதைத் தொடாதீர்கள். யூசர்ஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் டிரைவ்.

அதற்குள் உங்கள் பெயருள்ள ஃபோல்டரில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, பிறகு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து பேஸ்ட். எவ்வளவு காப்பி ஆனது என்று காட்டும் பட்டை வராது. பெட்டி உறைந்துபோனது போல் நிற்கும். பயந்து மூடிவிடாதீர்கள், எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் விளக்கு மின்னுவதைப் பாருங்கள். முடிந்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்து, கடைசிக் கோப்பு வரை வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பக்கத்தில் உள்ள ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பாருங்கள், பல லேப்டாப்களில் அது அங்கேதான் இருக்கும். ஆன்லைனில் மட்டும் உள்ள கோப்புகள் இந்த முறையில் காப்பி ஆகாது. அவற்றைப் பிறகு ஒன்டிரைவ் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கே தெரியாவிட்டால், 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் லேப்டாப்பாக இருந்தால் காரணம் பெரும்பாலும் விஎம்டி (எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல் வசதி). பென்டிரைவில் உள்ள விண்டோஸிடம் அதற்கான டிரைவர் இருக்காது. கோப்பு எடுக்க மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் பென்டிரைவில் பூட் செய்யுங்கள், லினக்ஸில் அந்த டிரைவர் உள்ளேயே இருக்கிறது. பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தால் டிஸ்க் தெரியும்தான், ஆனால் பழைய விண்டோஸ் "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நின்றுவிடும். எனவே பழைய விண்டோஸைக் காப்பாற்ற நினைத்தால் வேலை முடிந்ததும் பழைய நிலைக்கே மாற்றிவிடுங்கள்.

டிஸ்க்கில் கிடுகிடு சத்தம் வந்தாலோ, காப்பி அடிக்கடி நின்றாலோ செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டாதீர்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்கு அது கடைசி அடியாகிவிடலாம். எடுக்க முடிந்ததை முதலில் எடுத்துவிடுங்கள்.

ரிப்பேர்

கோப்புகள் பத்திரமானபின் டிரபிள்ஷூட்டில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அது "ரிப்பேர் செய்ய முடியவில்லை" என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸுக்குப் போய் முதலில் குவாலிட்டி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். ஓர் அப்டேட் இறங்கிய மறுநாள் கோளாறு வந்திருந்தால் இதுவே போதும். அடுத்தது சிஸ்டம் ரெஸ்டோர். மூன்றும் கைகொடுக்காவிட்டால் புதிய இன்ஸ்டால்.

பென்டிரைவில் இருந்து பூட் செய்து இன்ஸ்டால் செய்தால் கோப்புகளை வைத்துக்கொண்டே போடும் வசதி கிடையாது. எல்லாம் அழியும் என்று ஒப்புக்கொள்ளும் டிக் பெட்டி வரும். ப்ராடக்ட் கீ கேட்டால் "என்னிடம் இல்லை" என்பதை எடுங்கள். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் கீ பெரும்பாலும் பயாஸிலேயே இருக்கும். முன்பு விண்டோஸ் ஹோம் எடிஷன் இருந்தால் ஹோமே போடுங்கள், ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. விஎம்டியால் டிஸ்க் தெரியாவிட்டால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, பிரித்த ஃபோல்டராகப் பென்டிரைவில் போட்டு "லோட் டிரைவர்" வழியாகக் காட்டுங்கள். முதல் ரீஸ்டார்ட் ஆகும்போது பென்டிரைவைக் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் சில லேப்டாப்கள் மறுபடியும் பென்டிரைவில் இருந்தே பூட் ஆகி, முதல் திரைக்கே திரும்பிவிடும்.