அடுப்பும் கணக்கும் பொழுதும்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க சில அன்றாட ஒழுங்குகள்

செட்டிநாட்டில் ஒரு குடும்பத்தின் நலத்தைப் பற்றிப் பேசுமுன், அந்த வீட்டில் இப்போது யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் எழுபது வயதைக் கடந்த இருவர் மட்டும் இருப்பார்கள். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வாடகை வீட்டில் வேலைக்குச் செல்லும் கணவனும் மனைவியும் பள்ளிப் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். இவ்விரு வீட்டாருக்கும் "அதிகாலையில் எழுங்கள், யோகா செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள்" என்று ஒரே பட்டியலை நீட்டுவதால் பெரிய பயன் இல்லை. குடும்பத்தில் தேங்கும் களைப்புக்கும் மனத்தாங்கலுக்கும் பெரும்பகுதிக் காரணம், எது யாருடைய பொறுப்பு, எது எந்தப் பொழுதில் நடக்க வேண்டும் என்பது தீர்மானிக்கப்படாமல் கிடப்பதுதான் என்பது என் கருத்து. ஆகவே பின்வருவன பெரும்பாலும் அந்தத் தீர்மானங்களைச் செய்துகொள்வதற்கான வழிகளே.

ஒரே கூரை, தனி அடுப்பு

செட்டிநாட்டின் வணிகச் சமூகமான நகரத்தார் குடும்பங்களில் திருமணமான மகனையும் மருமகளையும் வேறு வைக்கும் வழக்கம் இருந்துவந்தது. வேறு வைப்பது என்றால் வீட்டை விட்டு அனுப்புவதன்று. அதே வளவைச் சுற்றியுள்ள அறைகளில் அவர்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படும். அடுப்பு தனி, வரவு செலவு தனி. ஆனால் கூரை ஒன்று, நல்லது கெட்டது எல்லாம் ஒன்று. ஊர்க்கணக்கிலும் கோயில் கணக்கிலும் அவர்கள் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகச் சேர்க்கப்படுவார்கள். பெற்ற பிள்ளையிடமே கணக்குப் பார்க்கிறார்கள் என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. சேர்ந்து வாழ்வதில் எங்கெங்கே உரசல் வரும் என்பதை நன்கு அறிந்தவர்கள் செய்த ஏற்பாடாகவே எனக்கு அது தோன்றுகிறது. ஒருவருடைய சமையலுக்கு இன்னொருவர் குறை சொல்ல இடமில்லை. ஒருவருடைய செலவை இன்னொருவர் மனத்துக்குள் கூட்டிப் பார்க்கவும் தேவையில்லை.

இன்றைக்குத் தனி அடுப்பு வைக்க இடமில்லாத வீட்டிலும் இதன் சாரத்தைக் கைக்கொள்ள முடியும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெரியவர்களும் இளையவர்களும் அரைமணி நேரம் உட்கார்ந்து, வாரத்தில் எந்த நாள் யார் சமையல், பள்ளிக் கட்டணம், மளிகை, மருத்துவச் செலவு ஆகியவற்றில் எது யாருடைய கணக்கில், வேலைக்காரர் வராத நாளில் யார் எதைப் பார்ப்பது என்பவற்றைப் பேசி, தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட வேண்டும். வருமானம் இல்லாத பெற்றோர் உடன் இருந்தால், மாதந்தோறும் ஒரு தொகையை அவர்கள் கையில் கொடுத்து அதற்குக் கணக்குக் கேட்காமல் இருப்பது கட்டாயம். கோயில் உண்டியலுக்கும் பேரனுக்கு வாங்கித்தரும் மிட்டாய்க்கும் மருமகளிடம் கேட்டு நிற்கும் நிலை ஒரு பெரியவரின் மனத்தை எவ்வளவு வாட்டும் என்பது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டின் பராமரிப்பு வேறொரு தலைவலி. ஓடு மாற்றுவதற்கும் காவலாளிக்கும் யார் எவ்வளவு கொடுப்பது என்பதை ஆண்டு முழுவதும் தொலைபேசியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பேசிக்கொண்டிருந்தால் உறவு கசந்துபோகும். முன்னோரை வழிபடும் படைப்புக்கோ பொங்கலுக்கோ எல்லோரும் கூடும் நாளில் ஒருமுறை பேசி, தொகையை முடிவு செய்து, இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று ஒப்புக்கொள்வது மேலானது.

தட்டில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது

உணவு முடித்த இரண்டு மணி நேரத்தில் கண் சொக்குவதும், பதினொரு மணிக்கே எரிச்சல் வருவதும் பெரும்பாலும் மாவுச்சத்து மட்டும் மிகுந்த தட்டின் விளைவு. அரிசி மாவில் செய்த பலகாரம் விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. பருப்பும் காயும் முட்டையும் கொழுப்பும் உடன் சேரும்போது அந்த ஏற்றம் மெதுவாகிறது. இதற்காக ஓட்ஸ் பொட்டலத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. ஆறு இடியாப்பம் வைக்கும் தட்டில் மூன்று வைத்து, கத்தரிக்காய் கோசமல்லியை இரண்டு கரண்டி கூட்டி, பக்கத்தில் ஓர் அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பருப்போ வைத்தால் போதுமானது. வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரித்தெடுப்பது. அதை விருந்தாளி வரும் நாளுக்கென வைத்துக்கொள்ளலாம்.

மதியத்தில் செட்டிநாட்டுச் சமையலுக்கே உரிய மண்டியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்யலாம். அரிசி களைந்த கெட்டித் தண்ணீரில் மொச்சையும் வெண்டைக்காயும் சின்ன வெங்காயமும் புளியும் சேரும் அந்தப் பண்டத்தில் புரதமும் நாரும் ஒருங்கே கிடைக்கின்றன. தட்டில் முதலில் காயையும் பருப்பையும் உண்டு, பிறகு சோற்றுக்குச் செல்வது சர்க்கரை உள்ளவர்களுக்கு நல்ல பலனைத் தருகிறது. ஊறுகாய், வற்றல், அப்பளம் மூன்றும் ஒரே வேளையில் தட்டுக்கு வர வேண்டாம். ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு சிறு தேக்கரண்டி அளவே.

கவுனி அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லி அதை வாங்குகிறவர்கள், வீட்டுக்கு வந்ததும் சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் தாராளமாகப் போட்டுக் கிளறி, மருந்தென்றே நினைத்து இரண்டு கிண்ணம் உண்கிறார்கள். அரிசியின் கருமை நிறத்திலும் தவிட்டிலும் நல்ல சத்து இருப்பது உண்மை. இனிப்பாக்கிய பின் அது இனிப்புதான். இட்லிக்கோ கஞ்சிக்கோ பயன்படுத்துவதில் பொருள் உண்டு. கும்மாயமும் அப்படியே: உளுந்தும் பாசிப்பருப்பும் இருந்தாலும் கருப்பட்டியும் நெய்யும் மிகுந்த பண்டம் என்பதால், ஓர் உருண்டை போதும்.

மாலை இடைப்பலகாரத்தை நிறுத்தச் சொல்வது இந்த ஊரில் எடுபடாது; நிறுத்தவும் தேவையில்லை. வாரத்தில் நான்கு நாள் சுண்டலோ அவித்த கடலையோ என்றும், மற்ற நாள்களில் சீயம், முறுக்கு, மாவுருண்டை என்றும் முறை வைத்துக்கொண்டால் வீட்டில் சச்சரவு வராது. காபியில் உள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், இரவில் உறக்கம் பிடிக்காதவர்கள் நாளின் கடைசிக் காபியை மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு மோரோ சுக்கு மல்லித் தண்ணீரோ போதும்.

நடக்கும் வழியும் படுக்கும் இடமும்

வாரத்துக்கு 150 நிமிடங்களாவது சற்று வேகமாக நடப்பது பெரியவர்களுக்கு வேண்டிய குறைந்த அளவு. சிவகங்கை மாவட்டத்தின் கோடைவெயிலில் காலை ஏழு மணிக்குள் ஊரணிக் கரையைச் சுற்றிவிட வேண்டும்; அதன்பின் வெளியே நடப்பது நலத்தைவிடக் கேட்டையே தரும். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும். பெரிய வீட்டில் இருப்பவர்களுக்கு வளவைச் சுற்றியுள்ள கூரையிட்ட பத்தியே மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற நடைபாதை. வெளியே செல்லச் சோம்பல் என்ற சாக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

அதே வீட்டில் கவனிக்க வேண்டிய ஆபத்தும் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின் மேல் வார்க்கப்படுவதால் அதன் முகம் வழவழப்பாக இருக்கும். வளவில் விழும் சாரல் பத்தியில் தெறித்தாலோ, துடைத்த ஈரம் காயாமல் இருந்தாலோ கால் வழுக்கிவிடும். நிலைப்படிகள் உயரமானவை. கழிவறை பல வீடுகளில் மூன்றாங்கட்டையும் தாண்டிப் பின்புறத்தில் இருக்கிறது. இரவில் அவ்வளவு தூரம் நடக்க அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். விளைவாக மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் காலையில் தலைச்சுற்றலும் வருகின்றன. வீட்டின் அமைப்பைக் கெடுக்கக் கூடாது என்று தயங்காமல், படுக்கும் அறையை ஒட்டி ஒரு கழிவறை கட்டிவிடுவது நல்லது. அதுவரை, படுக்கையைக் கழிவறைக்கு அருகிலுள்ள அறைக்கு மாற்றி, வழிநெடுக இரவு விளக்கும் படிகளில் கைப்பிடியும் பொருத்த வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வரும் மகன் முதல் நாளே செய்து முடிக்க வேண்டிய வேலை இது.

மதியத் தூக்கம் இருபது, முப்பது நிமிடங்களுக்கு மேல் நீண்டால் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். மே மாதத்தில் வெளியே தலைகாட்ட முடியாத பொழுதில் படுத்துக்கொண்டு வானொலி கேட்கலாம். அலாரம் வைக்காமல் கண்ணை மூடுவதுதான் கூடாது. பிள்ளைகளின் கைப்பேசிகளும் பெரியவர்களின் கைப்பேசிகளும் இரவு பத்து மணிக்குக் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜுக்குச் சென்றுவிட வேண்டும். பெரியவர்களுக்கு விலக்கு அளித்தால் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிற்காது.

இரவுச் சிட்டை

அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, பின் பேரேட்டில் ஏற்றி, இருப்புநிலைக் கணக்காகிய ஐந்தொகை எடுத்துச் சரிபார்க்கும் பழக்கம் இந்த மண்ணின் தொழிலோடு பிறந்தது. பணத்துக்குச் செய்த அதே ஒழுங்கை மனக்கவலைக்கும் செய்யலாம் என்பது என் பரிந்துரை. படுக்கச் செல்வதற்கு அரைமணி நேரம் முன்பு, ஒரு சாதாரண நோட்டில் ஐந்து நிமிடம் எழுதினால் போதும். மனத்தில் கிடப்பது என்ன, அதற்கு அடுத்து செய்ய வேண்டியது என்ன, யார், எப்போது என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

மின் கட்டணம்: வெள்ளிக்குள், தம்பி.
அப்பச்சிக்குச் சர்க்கரைச் சோதனை: நாளை காலை வெறும் வயிற்றில், நான்.
மகளின் மதிப்பெண்: சனிக்கிழமை ஆசிரியரைப் பார்த்தபின் பேசுவது, அதுவரை அவளிடம் கேட்பதில்லை.
பெரிய வீட்டு ஓடு: படைப்பன்று.

மூன்றாம் வரியையும் நான்காம் வரியையும் பாருங்கள். இன்று தீர்க்க முடியாத கவலைக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டுவிட்டதால், அதை இரவு முழுவதும் புரட்டிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் மனத்துக்கு இல்லாமல் போகிறது. நாளைய வேலைகளைப் படுக்குமுன் எழுதிவைப்பவர்களுக்கு உறக்கம் சற்று விரைவில் வருகிறது என்பது ஆய்விலும் காணப்பட்டிருக்கிறது. யாருக்கும் காட்டும் நோட்டாக இதை ஆக்க வேண்டாம். அழகாக எழுதவும் வேண்டாம்.

தனிமைக்கு மருந்து, நாம் வராவிட்டால் "ஏன் காணோம்" என்று கேட்கும் ஓர் இடத்துக்கு வாரம் ஒருமுறையாவது செல்வது. பிரதோஷமோ, நூலகமோ, பனையோலைக் கூடையான கொட்டான் முடையும் பெண்களின் கூட்டமோ, 1939 முதல் காரைக்குடியில் இயங்கிவரும் கம்பன் கழகத்தின் கூட்டமோ, எதுவாகவும் இருக்கலாம். கொட்டான் முடைவதில் கைக்கு வேலையும் பேச்சுக்குத் துணையும் சேர்ந்து கிடைப்பதால், பேசத் தயங்குபவர்களுக்கு அது மிகவும் பொருந்தும்.

தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்த ஊர்கள் இவை, பிரிவு புதிதன்று. இப்போது நாள்தோறும் முகம் பார்த்துப் பேச முடிகிறது, ஆனாலும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடுகிறது:

"ஆத்தா, நல்லா இருக்கியளா? சாப்ட்டியளா?"

"நல்லா இருக்கேன்ப்பா. நீ சாப்ட்டியா?"

இதில் எந்தச் செய்தியும் இல்லை. "நல்லா இருக்கேன்" என்பது காய்ச்சலிலும் வரும் பதில். அதைவிட, "இன்னைக்கு என்ன கொழம்பு வச்சிய? யாரு வந்தா? கோயிலுக்கு நடந்து போனியளா, ஆட்டோவிலயா?" என்று கேட்டால், சமையல் நின்றிருக்கிறதா, மூட்டுவலி கூடியிருக்கிறதா, ஆள் நடமாட்டம் குறைந்திருக்கிறதா என்பது தானாகத் தெரியவரும். பேசும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்வது அவசியம். சிங்கப்பூரில் இரவு 9 மணி என்பது இங்கே மாலை 6.30, விளக்கேற்றி முடித்த பொழுது, இரண்டு பக்கமும் ஒத்துவரும். நேரம் நிலையாக இருந்தால் பெற்றோர் நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பழக்கத்தால் தீராதவை

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருப்பது, விருப்பமான எதிலும் நாட்டமில்லாமை, உறக்கமும் பசியும் கெடுவது ஆகியவை தென்பட்டால் மேற்கூறிய ஒழுங்குகளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணாகிய 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அதை மிரட்டல் என்று தள்ளிவிடாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே உதவியை நாட வேண்டும்.

தீராத களைப்பை வயதின் தலையில் போட்டுவிடுவதும் தவறு. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகிய நான்கும் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. பகுதியின் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது, சித்த மருந்துகள் உட்பட உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வதும், கடந்த ஒரு வாரத்தில் தூங்கிய நேரத்தையும் சர்க்கரை அளவையும் குறித்த தாளை உடன் வைத்துக்கொள்வதும் ஆலோசனைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களைப் பயனுள்ளதாக்கும்.