காலனிய காலத்து நூலகங்கள்: மரபுச் சங்க உரைக்கு ஆயத்தமாவது எப்படி

‘சென்னை மாகாணத்தின் பழைய நூலகங்கள்’ என்று தலைப்பு வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால், உரை வெறும் பெயர்ப்பட்டியலாகிவிடும். 45 நிமிடப் பேச்சு, 15 நிமிடக் கேள்வி என்ற அளவுக்கு மூன்று தொகுப்புகள் போதும். டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு சேர்த்த ஏடுகள், மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, கன்னிமாரா பொது நூலகம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு மனிதரின் தேவைக்காகச் சேர்ந்தது முதலாவது. சந்தா கட்டியவர்களுக்கானது இரண்டாவது. பொதுமக்களுக்கென்று கட்டப்பட்டது மூன்றாவது. புத்தகத்தை யார் தொட முடிந்தது என்ற கேள்வி மூன்றையும் கோத்துவிடும். கட்டட அழகைப் பற்றி எத்தனையோ உரைகள் வந்துவிட்டன. வாசகரைப் பற்றிப் பேசுங்கள்.

தஞ்சை சரசுவதி மகாலை இந்த வரிசையில் சேர்ப்பது பொதுவாக நடக்கும் பிழை. அதன் வேர் நாயக்கர் காலத்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) ஐரோப்பிய நூல்களை வாங்கிச் சேர்த்ததால் மட்டும் அது காலனிய நூலகம் ஆகிவிடாது. அதற்குத் தனி உரை வேண்டும்.

மேடையில் மானம் போவது பெரும்பாலும் ஆண்டுக் குறிப்புகளால்தான். ஒரு நூலகத்துக்குப் பிறந்தநாள் ஒன்றல்ல. கன்னிமாராவையே பாருங்கள். அருங்காட்சியகத்தை ஒட்டிச் சிறு நூலகம் உருவானது 1861. இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிகுந்துபோன புத்தகங்கள் அதற்கு வந்து சேர்ந்தன. இன்றைய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது 1890 மார்ச் 22. திறப்பு 1896 டிசம்பர் 5. மாநில மைய நூலகமானது 1950. நான்குமே சரி, எந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் ‘தொடங்கப்பட்ட ஆண்டு’ என்றால்தான் தவறு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தொகுப்பு, அமைப்பு, கட்டடம், சட்ட நிலை என நான்கு கட்டம் போட்டு ஆண்டுகளை நிரப்பிக்கொள்ளுங்கள். லிட்டரரி சொசைட்டிக்கு இது இன்னும் அவசியம். சொசைட்டியும், கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி கற்பித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியும் 1812-இல் தொடங்கியவை. இரண்டின் கதையும் இன்றைய கல்லூரிச் சாலையோடு பிணைந்தது. அதனால் ஒன்றின் வரலாற்றை மற்றதன் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

1752-க்கு முந்தைய தேதி வந்தால் நின்று பாருங்கள். ஆங்கிலேயர் அதுவரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஆண்டு பிறப்பது மார்ச் 25. டேனிஷ்காரர் 1700-லேயே, இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியனுக்கு மாறிவிட்டார்கள். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய 1706 ஜூலை 9, ஆங்கிலேயர் கணக்கில் ஜூன் 28. ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டைப் பதிவேட்டில் ‘1710 பிப்ரவரி 10’ என்றிருந்தால், அது நம் கணக்கில் 1711 பிப்ரவரி 21. கோட்டைத் தேதியையும் தரங்கம்பாடித் தேதியையும் ஒரே காலக்கோட்டில் வைக்கும்போது கோட்டைத் தேதியோடு 11 நாளைக் கூட்டாவிட்டால், பதில் கடிதம் கேள்விக்கு முன்னாலேயே வந்ததுபோல் தோன்றும்.

பணமும் அப்படித்தான். சென்னையில் 1818-இல் ரூபாய் நிலைபெறும்வரை கணக்கு வராகன் என்ற பொன் நாணயத்தில். ஒரு நட்சத்திர வராகன் 42 பணம் (‘பணம்’ அன்று ஒரு சிறு நாணயத்தின் பெயர்), அதாவது மூன்றரை ரூபாய். இன்றைய மதிப்புக்கு மாற்றிச் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கு நிற்காது. அதே ஆண்டில் ஓர் எழுத்தரின் மாதச் சம்பளம் ஆவணத்தில் கிடைத்தால், புத்தக விலையை அதன் பக்கத்தில் வையுங்கள். கேட்பவருக்கு உடனே உறைக்கும்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன், கோட்டை நாட்குறிப்புகளின் அச்சிட்ட தொகுதிகளைப் படித்து முடியுங்கள். ‘நூலகம்’ என்ற சொல்லை மட்டும் தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். பாதிரியார் நியமனம், கப்பலில் வந்த சரக்குப் பட்டியல், இறந்தவரின் உடைமைகளை ஏலம் விட்ட கணக்கு ஆகிய இடங்களில்தான் புத்தகங்கள் ஒளிந்திருக்கும். ஊர்ப்பெயர்களைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் நீள ‘எஸ்’ பார்வைக்கு ‘எஃப்’ போலிருக்கும். படியெடுக்கும்போது அங்கேதான் சறுக்கும். ஏட்டிலோ புள்ளியும் இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. ஒரு பெயரை ஏட்டிலிருந்து எடுத்தால், ஏடு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே திரையில் போடுங்கள்.

பழைய புத்தகத்தைக் கையில் வாங்கினால் முதலில் அட்டையின் உட்புறத்தையும் தலைப்புப் பக்கத்தையும் பாருங்கள். முத்திரை, ஒட்டுச்சீட்டு, அடித்துத் திருத்திய அடுக்கு எண் எல்லாம் அந்தப் புத்தகம் கைமாறிய வரிசை. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். துணிக் கையுறை வேண்டாம், விரலுக்குத் தாள் தெரியாமல் ஓரம் கிழியும். இருபக்கமும் நுரைத் தாங்கி வைத்து, முதுகு இழுக்காத அளவுக்கே விரியுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். அமிலமேறிப் பழுப்பான தாளை மடித்துப் பார்த்தால் மடிப்பிலேயே ஒடிந்துவிடும். படமெடுக்க எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அதைத் திரையில் காட்டவும் அந்த அனுமதி செல்லுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

45 நிமிடத்துக்கு 25 படம் தாராளம். முழுப் பக்கத்தைக் காட்டினால் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது. பேச வேண்டிய முத்திரையை அல்லது ஒரு வரியை மட்டும் வெட்டி, திரை அகலத்துக்குப் பெரிதாக்குங்கள். சீகன்பால்கு 1708-இல் தொகுத்த தமிழ் நூல்பட்டியலைப் பேசும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகள், திருக்குறளும் உண்டு. அவர் வந்திறங்கி இரண்டே ஆண்டு. இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினாலும் தகும். வீட்டில் கடிகாரம் வைத்துச் சத்தமாகப் பேசிப் பார்க்கும்போது 38 நிமிடத்தில் முடிய வேண்டும். படம் மாற்றவும் பெயர்களைத் திருப்பிச் சொல்லவும் மேடையில் மீதி நேரம் போய்விடும்.

அசல் நூலை அரங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். கை மாறிப் பார்க்க எழுதாத பனையோலை நாலைந்து போதும். ஒலிவாங்கி எட்டாத இடத்தில் அமர்ந்தவர் கேட்கும் கேள்வியை நீங்கள் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள்; ஒலிப்பதிவில் அந்தக் கேள்வியும் விழ வேண்டும்.