பொன்னியின் செல்வன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு குறிப்பு

கல்கியின் இந்தச் சோழர் கால நாவலின் ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கிக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். முதல் பாகம் மட்டும் போதும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் மலிவுப் பதிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு எழுத்துப் பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கூடவே ஒரு நோட்டு. பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் வரலாற்றில் இருந்தவர்கள், வலப்பக்கம் கல்கி படைத்தவர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை இடப்பக்கம். வந்தியத்தேவனும் அங்கேதான்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவரைக் குந்தவையின் கணவர் என்கிறது. நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி மூவரும் வலப்பக்கம். நந்தினியை அங்கே எழுத எந்தப் பிள்ளையும் லேசில் ஒத்துக்கொள்ளாது!

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு வசதி. கதை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது நம் வீராணத்தில் தொடங்குகிறது. அருகிலேயே காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் உள்ளிட்டோரைப் பெயர் சொல்லி, அவர்கள் உறவினரின் நிலம் பறிக்கப்பட்டதைச் சொல்வது அது. இந்தக் கல்வெட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஐந்தாம் பாகம் முடித்த பிறகு அழைத்துப் போங்கள். கதையில் குந்தவை வாழும் ஊரான, பட்டீஸ்வரம் பக்கமுள்ள பழையாறைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.