கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுவது எப்படி?

"தினமும் பீஷான் பூங்காவுல நடக்கறேனே, எனக்கு எதுக்குடா எக்சர்சைஸ்?" என்பார் அம்மா. கோப்பிக்கடையில் எழும்போது மட்டும் இரண்டு கையும் மேசையைத் தேடும்.

நடை இதயத்துக்கு நல்லது. தொடைத் தசைக்கு அது மட்டும் போதாது. முப்பதுகளிலேயே தேயத் தொடங்கும் தசை, அறுபதுக்குமேல் இன்னும் வேகமாகக் குறையும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, 65 வயதைத் தாண்டியவர்கள் நடையோடு வாரம் 2 நாளாவது தசைக்கும், 3 நாளாவது சமநிலைக்கும் பயிற்சி செய்யச் சொல்கிறது. அம்மாவுக்கு நான் நாற்காலியில் தொடங்கினேன்.

1. நாற்காலி: கனமான மரச் சாப்பாட்டு நாற்காலியைச் சுவரில் முட்டவைத்துப் போடுங்கள். சோபா, சக்கர நாற்காலி, கோப்பிக்கடை பிளாஸ்டிக் நாற்காலி மூன்றும் வேண்டாம்.

2. சோதனை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காருங்கள். ஆசிய சார்கோபீனியா (வயதோடு வரும் தசை இழப்பு) பணிக்குழுவின் 2019 அளவுகோல்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். முடியவே இல்லையென்றால் கெட்டியான மெத்தை போட்டு இருக்கையை உயர்த்துங்கள்.

3. எழுவது: பெரும்பாலானோர் சிக்குவது இங்கேதான். நிமிர்ந்த முதுகோடு நேராக மேலே எழப் பார்ப்பார்கள். உடம்பு பின்னால் சரியும், முழங்கால் வலிக்கும், கை தானாக ஊன்றிவிடும்.

முதலில் இருக்கையின் முன்பாதிக்கு நகருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுங்கள்; குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. பிறகு மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். எடை பாதத்துக்கு வந்த பிறகே எழ வேண்டும். குப்புற விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அம்மா சாயவே மாட்டேன் என்றார். முன்னால் ஒரு மேசையைப் போட்டு, "கீழ விழுந்த சாவிய எடுக்கப் போற மாதிரி குனிம்மா" என்றதும் எழுந்துவிட்டார். மேசை பிடிக்க அல்ல, தைரியத்துக்கு.

முழங்கால்கள் ஒன்றையொன்று தொட வேண்டாம். எழும்போது மூச்சை விடுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள். வலு கூடுவதில் இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

4. அளவு: 8 முதல் 10 முறை, சற்று ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் தொடை வலித்தால் பரவாயில்லை. மூட்டில் குத்தினால் நிறுத்துங்கள்.

5. கனம்: பத்தும் சுலபமானால் 1.5 லிட்டர் தண்ணீர்ப் புட்டியை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பட்டை எல்லாம் இப்போதே வாங்காதீர்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் பிட்னஸ் கார்னரில் ஆடும் கருவிகள் உடம்பைத் தளர்த்தும், ஆனால் பலவற்றில் எடையைக் கூட்ட வழியில்லை. அதைவிட, சிங்கப்பூரில் மூத்தோருக்காக நடக்கும் வலுப்பயிற்சித் திட்டமான ஜிம் டோனிக் மேல். அங்கே இருப்பவை காற்றழுத்தக் கருவிகள் என்பதால் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். உங்கள் வட்டாரத்தில் மூத்தோருக்கான ஆக்டிவ் ஏஜிங் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.

சமநிலைக்கு, அடுப்படி மேடையைப் பிடித்து ஒற்றைக்காலில் 10 விநாடி.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதிலிருந்து சில. டைல்ஸ் தரையில் காலுறையோடு செய்யவே கூடாது. வெறுங்கால் அல்லது ரப்பர் அடி செருப்பு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்ததும் தலை சுற்றினால், உடனே உட்கார்ந்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்ட பிறகே தொடங்கவும்.

கோயில் அன்னதானத்தில் தரையில் உட்கார்ந்தால் எப்படி எழுவது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். பக்கவாட்டில் திரும்பி, கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, அந்தத் தொடையில் கை கொடுத்து எழுங்கள் அக்கா. முதலில் வீட்டில் நாற்காலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகிவிட்டுப் போங்கள்.