சக்கர் ராடு பாதியில் முறியாமல் இருக்க: எஃகின் தோலைப் பதப்படுத்தும் முறை, ஆரம்பத்திலிருந்து

எண்ணெய்க் கிணற்றின் மேல் தலையாட்டிக்கொண்டே நிற்கும் பம்பைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வெளியே ஆடுவது அதன் தலை மட்டும்தான். எண்ணெயை மேலே தள்ளும் பம்பு ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. இரண்டையும் இணைப்பது சக்கர் ராடு எனப்படும் எஃகுத் தண்டுகளின் நீண்ட சரம். ஒவ்வொரு தண்டும் 25 அல்லது 30 அடி நீளம், தடிமன் பொதுவாக 16 மி.மீ. முதல் 29 மி.மீ. வரை, ஒன்றோடொன்று கப்ளிங் போட்டு முடுக்கியிருப்பார்கள்.

இந்தத் தண்டு ஏன் முறிகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், அது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நிமிடத்துக்கு 8 முறை பம்பு அடிக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 11,520 முறை, வருடத்துக்கு 42 லட்சம் முறை. மேலே போகும்போது முழு எண்ணெய்ச் சுமையும் தண்டில் தொங்கும், கீழே வரும்போது அது குறையும். ஒரே இழுப்பில் அறுந்துபோகும் அளவுக்குச் சுமை எப்போதுமே வருவதில்லை, தாங்கக்கூடியதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் லட்சக்கணக்கான தடவை இழுத்து விட்டு இழுத்து விட்டு, எங்கோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கிறது. பட்டறையில் ஃபெட்டீக் என்று சொல்வது இதைத்தான். தமிழில் உலோகக் களைப்பு.

முறிந்த தண்டு கையில் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எண்ணெயைத் துடைத்துவிட்டு முறிந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஓர் ஓரத்தில் பிறைநிலா வடிவில் வழவழப்பான பகுதி இருக்கும், அதில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி மெல்லிய வளைவுகள் தெரியும். மீதிப் பகுதி சொரசொரவென்று, பிய்த்தெடுத்தது போல இருக்கும். வழவழப்பான இடத்தில் விரிசல் மாதக்கணக்கில் மெதுவாக நகர்ந்திருக்கிறது, சொரசொரப்பான இடம் கடைசி நொடியில் அறுந்தது. அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றன என்று பின்தொடர்ந்து போனால் அநேகமாகத் தண்டின் வெளித்தோலில்தான் போய் முடிவீர்கள். ஒரு கீறல், ஒரு துருக்குழி, சுத்தியல் பட்ட ஒரு தழும்பு.

நான் இந்த வேலை கற்றுக்கொண்டபோது எனக்கு முதலில் காட்டப்பட்டது இப்படி ஒரு துண்டுதான். விரிசல் பிறந்த இடத்தில் நகத்தால் தடவினால் மட்டுமே உணரக்கூடிய ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதற்கப்புறம் தண்டின் தோலை நான் அலட்சியமாகப் பார்த்ததே இல்லை. கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் நோக்கம் ஒன்றுதான்: தோலில் காயம் இருக்கக் கூடாது, தோல் எப்போதும் உள்பக்கமாக நெரிபட்ட நிலையில் இருக்க வேண்டும்.

படி 1: எஃகைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ 11பி என்ற தரநிலையை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். அதில் சி, கே, டி என்று மூன்று தரங்கள். சி தரம் மாங்கனீசு கலந்த கார்பன் எஃகு, கே தரம் நிக்கல்-மாலிப்டினம், டி தரம் பெரும்பாலும் குரோமியம்-மாலிப்டினம் எஃகு. சி, கே இரண்டுக்கும் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுந்துபோகும் எல்லை, 620 முதல் 793 மெகாபாஸ்கல், டி தரத்துக்கு 793 முதல் 965 வரை. வலிமை கூடியது எப்போதும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், கிணற்றில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருந்தால் கடினமான எஃகுதான் முதலில் விரிசல் விடும். அந்த மாதிரிக் கிணறுகளில், கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 22 என்ற எல்லையை மனத்தில் வைத்துத்தான் எஃகைத் தேர்ந்தெடுப்பார்கள்.

வந்த கம்பியில் மடிப்பு, நீளக் கோடு, உரிந்த தோல் இருக்கிறதா என்று காந்தத் துகள் சோதனையோ மின்சுழிச் சோதனையோ செய்யுங்கள். இங்கே தப்பிவிட்ட மடிப்பைப் பின்னால் எந்தச் சூட்டாலும் சரிசெய்ய முடியாது.

படி 2: முனைகளைத் தட்டிப் பெருக்குவது

தண்டின் இரு முனைகளையும் சுமார் 1,200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, அச்சில் அழுத்தித் தடிமனாக்குவார்கள், அங்கேதான் பிறகு மரை வரும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அனுபவமுள்ள ஆள் பார்த்துக்கொள்வார். நீங்கள் கவனிக்க வேண்டியது பெருத்த முனை மெலிந்து உடலோடு சேரும் இடம். முனையில் மட்டும் சூடு பட்டதால் அதை ஒட்டி ஒரு வளையத்தில் எஃகின் உள்ளமைப்பு மாறிப்போயிருக்கும். அப்படியே விட்டால் முறிவு அங்கேதான் வரும். அடுத்த படி இதற்காகத்தான்.

படி 3: முழு நீளத்துக்கும் வெப்பப் பதம்

'முழு நீளத்துக்கும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். முனையை மட்டும் உலையில் விட்டு எடுத்தால் கெட்ட வளையம் ஒழியாது, இடம்தான் மாறும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நார்மலைசிங்: 870 முதல் 900 டிகிரி வரை சூடாக்கி, உள்ளே வரை சூடு பரவ நேரம் கொடுத்து, காற்றில் ஆறவிடுவது. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு, தொடங்குவதற்கு அது போதும். இன்னொன்று சுமார் 850 டிகிரியிலிருந்து எடுத்து எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது. இரண்டிலும் அப்புறம் டெம்பரிங் வேண்டும், அதாவது 540 முதல் 650 டிகிரி போல மறுபடி சூடாக்கி முரட்டுத்தனத்தைத் தணிப்பது. எண்ணெயில் முக்கிய தண்டை டெம்பரிங் செய்யாமல் இரவு முழுக்கப் போட்டு வைக்காதீர்கள், தானாகவே விரிசல் விடலாம். டி தரத்துக்குக் கடைசியில் ராக்வெல் சி 22 முதல் 30 வரை வந்தால் இழுவலிமை ஏறக்குறையச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், ஆனாலும் இழுத்துப் பார்க்கும் சோதனையை விட்டுவிடக் கூடாது.

உலையில் காற்று அதிகம் புகுந்தால் தோலில் உள்ள கார்பன் எரிந்து போய்விடும். உள்ளே நல்ல எஃகு, வெளியே மெத்தென்ற ஒரு படலம் என்று ஆகிவிடும், களைப்பு தொடங்குவதற்கு அதைவிட வசதியான இடம் வேண்டாம். ஒரு மாதிரித் துண்டைக் குறுக்கே வெட்டி, பளபளப்பாக்கி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மட்டும் வெளுத்துத் தெரிந்தால் உலையின் வாயுவைத் திருத்த வேண்டும்.

படி 4: நேராக்குவது

சூட்டில் தண்டு கொஞ்சம் வளைந்திருக்கும். குளிர்ந்த பிறகு உருளைகளில் விட்டு நேராக்கினால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் உள்ளே தாறுமாறாக இழுவிசை தங்கிவிடும். டெம்பரிங் சூடு இருக்கும்போதே நேராக்குங்கள், முடியாவிட்டால் நேராக்கிய பிறகு மறுபடி ஒரு தணிப்புச் சூடு கொடுங்கள். கூர்மையாக மடங்கிய தண்டு என்றால் நேராக்கவே வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள்.

படி 5: ஷாட் பீனிங்

களைப்பை எதிர்க்கும் வேலையில் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரை மி.மீ. அளவுள்ள எஃகுக் குண்டுகளைச் சக்கரமோ காற்றோ வைத்துத் தண்டின் மேல் வேகமாக வீசுகிறோம். தண்டு சுழன்றுகொண்டே நகரும், அதனால் எல்லாப் பக்கமும் அடி படும். ஒவ்வொரு குண்டும் ஒரு சின்னக் குழி போட்டுத் தோலைப் பக்கவாட்டில் விரிக்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் எஃகு விடாது. விளைவு, தோல் நிரந்தரமாக நெரிபட்டு நிற்கும். பிறகு கிணற்றில் தண்டை இழுக்கும்போது, இந்த நெரிசலைக் கடன் மாதிரி அடைத்து முடித்த பிறகுதான் தோலில் உண்மையான இழுப்பு ஏறும். மூடிக் கிடக்கும் விரிசல் திறக்க வழியில்லை. இந்த நெரிசல் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான், ஆனால் விரிசல் பிறப்பதும் அதே ஆழத்தில்தானே.

போதுமான அளவு அடித்தோமா என்று எப்படித் தெரியும்? இதற்கு ஆல்மென் பட்டை இருக்கிறது, 76 மி.மீ. நீளமும் 19 மி.மீ. அகலமும் உள்ள தட்டையான ஸ்பிரிங் எஃகுத் துண்டு. அதை நான்கு திருகுகளால் ஒரு கட்டையில் பிடித்து, தண்டு இருக்க வேண்டிய அதே இடத்தில் வைத்து அடியுங்கள். திருகைக் கழற்றியதும் பட்டை அடி வாங்கிய பக்கம் புடைத்து வில் போல வளைந்து நிற்கும். அந்த வளைவின் உயரத்தை டயல் கேஜில் அளக்க வேண்டும். உதாரணத்துக்கு, 20 நொடிக்கு 0.22 மி.மீ., 40 நொடிக்கு 0.27, 80 நொடிக்கு 0.29 என்று வருகிறது என்று வையுங்கள். 20-இலிருந்து 40-க்குப் போனபோது 20 சதவீதத்துக்கு மேல் கூடியது, 40-இலிருந்து 80-க்கு 10 சதவீதம்கூடக் கூடவில்லை. நேரத்தை இரட்டித்தும் 10 சதவீதத்துக்கு மேல் ஏறாத இடம்தான் நிறைவுப் புள்ளி, இங்கே அது 40 நொடி. ஒவ்வொரு நேரத்துக்கும் புதுப் பட்டை போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டு அடித்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

பட்டை சரியாக வந்தாலும் தண்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். குழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பழைய பளபளப்பு எங்கேயும் மிச்சமில்லாமல் இருக்க வேண்டும். விட்டுப்போன இடம் பெரும்பாலும் முனை மெலியும் அந்த வளைவில்தான் கிடைக்கும், தண்டு அங்கே குண்டுக்குச் சாய்வாக நிற்பதால்.

ஆரம்பத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது உடைந்த குண்டுகளை. உருண்டையான குண்டு வழவழப்பான குழி போடும், உடைந்த குண்டோ கீறும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் கைப்பிடி அளவு குண்டை எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள், முனை உடைந்தவை அதிகம் தெரிந்தால் சல்லடையைக் கவனியுங்கள். வேலை செய்யும்போது கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்.

பீனிங் முடிந்த தண்டை 230 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள், வெல்டிங் பொறிகூடப் படக் கூடாது. நெரிசல் தளர்ந்துவிடும், வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

படி 6: மரை

மரையை வெட்டாமல் உருட்டி எடுங்கள். வெட்டினால் பள்ளத்தின் அடியில் கருவியின் கோடுகள் மிஞ்சும், உருட்டினால் அடிப்பள்ளம் நெரிபட்டு வழவழப்பாக வரும். பீனிங் செய்ததும் மரையை உருட்டுவதும் ஒரே தத்துவம்தான், இடம்தான் வேறு.

படி 7: பூச்சு, அடுக்குதல், இறக்குதல்

சோதனை முடிந்ததும் உடனே துருத் தடுப்பு எண்ணெய் பூசி, மரைக்கு மூடி போட்டுவிடுங்கள். அடுக்கும்போது வரிசைக்கு வரிசை மரக்கட்டை வையுங்கள், எஃகோடு எஃகு உரசக் கூடாது. கழற்றும்போது கப்ளிங் கழலவில்லை என்று சுத்தியலால் அடிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். அந்தக் கப்ளிங்கை வெட்டி எறிவதே மேல்.

முடுக்கும் அளவையும் கையால் ஊகிக்கக் கூடாது. முதலில் முனையின் தோள், அதாவது மரையை ஒட்டிய தடித்த விளிம்பு, கப்ளிங்கைத் தொடும் வரை கையால் முடுக்கி, முனையிலும் கப்ளிங்கிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு, இறுக்கிய பிறகு அந்தக் கோடு எவ்வளவு விலகியது என்று அதற்கான அளவு அட்டையால் பார்ப்பார்கள். இறுக்கம் போதாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் மரையே சுமையை வாங்கிக்கொள்ளும்.

சுமைக்கு ஒரு சின்னக் கணக்கு. இழுவலிமையில் கால் பங்கு, அதோடு குறைந்தபட்சத் தகைவில் (தகைவு என்றால் சுமையைத் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது) 0.5625 பங்கு, இரண்டையும் கூட்டினால் தாங்கக்கூடிய அதிகபட்சத் தகைவு. டி தரத்தில் 793-ஐ நான்கால் வகுத்தால் 198.25, குறைந்தபட்சம் 70 என்றால் அதில் 39.4, மொத்தம் சுமார் 238 மெகாபாஸ்கல். உப்புத் தண்ணீரோ சல்பைடோ இருக்கும் கிணறு என்றால் இதை ஒன்றுக்குக் குறைவான ஒரு காரணியால் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். அரிப்பு இருக்கும் இடத்தில் எஃகுக்குப் பாதுகாப்பான எல்லை என்று ஒன்று கிடையாது, துருக்குழி ஒன்று பீனிங் அடுக்கைத் தாண்டி இறங்கிவிட்டால் நாம் செய்த வேலையெல்லாம் அந்த இடத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். அதனால் அரிப்புத் தடுப்பு மருந்தைத் தண்டு இறங்கிய முதல் நாளிலிருந்தே கிணற்றுக்குள் விடச் சொல்லுங்கள்.