பழைய கம்ப்யூட்டரில் கேம் திணறுகிறதா? முதலில் இந்தத் தவறுகளை நிறுத்துங்கள்

கேம் லேக் ஆகிறது என்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். செட்டிங்ஸைத் திறந்து எல்லாவற்றையும் 'லோ'வுக்கு இறக்குவது, அப்படியும் சரியாகவில்லை என்றால் யூடியூபில் யாரோ சொன்ன 'எஃப்.பி.எஸ். பூஸ்ட்' (ஒரு நொடியில் திரையில் வரும் ஃப்ரேம்களின், அதாவது படங்களின், எண்ணிக்கையைக் கூட்டும்) வித்தைகளை வரிசையாகச் செய்து பார்ப்பது, கடைசியில் புது கிராபிக்ஸ் கார்டுக்கு விலை விசாரிப்பது. பெட்டிக்குள் எது திணறுகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பிராசஸரா, கிராபிக்ஸ் கார்டா, ரேமா, டிஸ்க்கா, இல்லை வெறும் சூடா? இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்கிற வைத்தியம் சில நேரம் பலிக்கும், பல நேரம் நேரத்தையும் காசையும் தின்றுவிட்டுப் போகும்.

'லேக்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதிலேயே குழப்பம் ஆரம்பிக்கிறது. ஆன்லைன் கேமில் எதிராளி இங்கிருந்து அங்கே குதிக்கிறான், சுட்ட குண்டு தாமதமாகப் படுகிறது, ஆனால் நீங்கள் கேமராவைத் திருப்பினால் காட்சி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது என்றால் அது நெட் பிரச்சினை. பிங்கை (கேம் சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரத்தை) பாருங்கள், கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். கேமராவைத் திருப்பும்போதே கனமாக, இழுத்து இழுத்துத் திரும்பினால் எஃப்.பி.எஸ். குறைவு. நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அரை நொடி உறைந்து மறுபடி ஓடினால் அது ஸ்டட்டர், அதற்கு மருந்து வேறு.

சராசரி எஃப்.பி.எஸ்.ஸை மட்டும் பார்ப்பவர்கள் இந்த மூன்றாவதைக் கோட்டை விடுவார்கள். 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். பத்து வினாடியில் ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 120 மில்லிசெகண்ட் எடுத்தால்கூட சராசரி 59-க்குக் கீழே இறங்காது, ஆனால் அந்த வெட்டு கண்ணில் பளிச்சென்று தெரியும். அதனால்தான் அளக்கும் மென்பொருள்களில் '1% லோ' (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) என்று தனியாக ஒரு எண் இருக்கிறது. சராசரியைவிட அதை நம்பலாம்.

அளக்கும்போது செய்கிற தவறுகள்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்து, "சிபியு 30 சதவீதம்தானே ஓடுகிறது, பிராசஸர் சும்மாதான் இருக்கிறது" என்று முடிவு கட்டுவது மிகப் பொதுவான தவறு. நான்கு கோர் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு கோர் மூச்சுத் திணறி 100-ஐத் தொட்டாலும் மொத்தக் கணக்கு 25 சதவீதம் என்றுதான் காட்டும். பல கேம்கள், குறிப்பாகப் பழையவை, வேலையின் பெரும்பகுதியை ஒரு கோரின் தலையிலேயே கட்டும். வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லலாம். ஆனால் விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் அதிலும் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் கிடைக்கும். இதைவிட நம்பகமானது ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டு எண்.

அதையும் கேமை மினிமைஸ் செய்துவிட்டுப் பார்க்காதீர்கள். மினிமைஸ் ஆனதும் பல கேம்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் பார்ப்பது ஓய்வில் இருக்கும் கம்ப்யூட்டரை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர், அதோடு வரும் ரிவாடியூனர் இரண்டையும் போட்டால் கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எல்லா எண்களும் ஓடும். கிராபிக்ஸ் கார்டு எந்த கம்பெனியாக இருந்தாலும் வேலை செய்யும், இலவசம்.

இப்போது வி-சிங்கையும் (எஃப்.பி.எஸ்.ஸை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) எஃப்.பி.எஸ். வரம்பையும் அணைத்துவிட்டு, கேமில் கூட்டமான ஓர் இடத்தில் போய் நில்லுங்கள். மூலையில் ஜிபியு 97, 98 என்று நின்றால் கார்டுதான் முழு மூச்சில் ஓடுகிறது. ஜிபியு 60-இல் சும்மா நிற்க, எஃப்.பி.எஸ். 38-ஐத் தாண்ட மறுத்தால் கார்டு வேறு எதற்கோ காத்திருக்கிறது, பெரும்பாலும் பிராசஸருக்கு. சந்தேகம் தீர இன்னொரு சோதனை: அதே இடம், அதே பார்வை, ரெசல்யூஷனை மட்டும் 1920x1080-இலிருந்து 1280x720-க்கு இறக்குங்கள். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன, அதாவது பாதிக்கும் கீழே. அப்படியும் 38 என்பது 40 ஆகத்தான் மாறியது என்றால் கார்டின் மீது பழி போடாதீர்கள், புது கார்டு வாங்கினாலும் அதே 40-தான். மாறாக 38 என்பது 65 ஆனால் குற்றவாளி கார்டு. வி-சிங்கை அணைக்க மறந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், ஏனென்றால் 60-இல் பூட்டிவிட்டால் ஜிபியு ஓய்வாகத் தெரியலாம்.

அப்புறம், ஒரே நேரத்தில் ஐந்து விஷயங்களை மாற்றாதீர்கள். டிரைவர், பவர் பிளான், நிழல், ரெசல்யூஷன் எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு கேம் கொஞ்சம் வேகமாகிவிட்டது என்றால், எதனால் வேகமானது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த முறை பிரச்சினை வரும்போது ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் 'லோ'வில் போடுவது

இதனால் கேம் அசிங்கமாகும், வேகமாகும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. பிராசஸர்தான் திணறுகிறது என்றால் குறைக்க வேண்டியவை பார்வைத் தூரம், கூட்டத்தின் அடர்த்தி, வாகனப் போக்குவரத்து, பிசிக்ஸ் போன்றவை. கார்டு திணறினால் நிழல்கள், ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலை இடுக்குகளில் விழும் மெல்லிய நிழல்), வால்யூமெட்ரிக் பனி, பிரதிபலிப்புகள், எம்.எஸ்.ஏ.ஏ. (விளிம்புகளை வழவழப்பாக்கும் வசதி) இவற்றில் கை வையுங்கள். நிழலை 'அல்ட்ரா'விலிருந்து 'மீடிய'த்துக்கு இறக்கினாலே பல கேம்களில் நல்ல மாற்றம் தெரியும், விளையாடும்போது பெரிய வித்தியாசம் கண்ணில் படாது.

டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டும் படம்) கதை தனி. அது வேகத்தைவிட கார்டின் சொந்த நினைவகமான வி-ரேமைச் சார்ந்தது. வி-ரேமில் இடம் இருக்கும்வரை டெக்ஸ்சரை உயர்வாக வைத்தாலும் எஃப்.பி.எஸ். ஏறக்குறைய அப்படியே இருக்கும். நிரம்பிவிட்டால்தான் தகராறு. ஜி.டி.எக்ஸ். 1050 போன்ற 2 ஜிபி கார்டுகளில் இன்றைய கேம்கள் சுலபமாக நிரப்பிவிடும், மிச்சத்தை மெதுவான சாதாரண ரேமிலிருந்து இழுத்து இழுத்து எடுக்க வேண்டிவரும், நீங்கள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் காட்சி வெட்டும். மூலையில் ஓடும் எண்களில் வி-ரேமையும் சேர்த்துப் பாருங்கள், நிரம்பி வழிந்தால் மட்டும் டெக்ஸ்சரைக் குறையுங்கள். அனைசோட்ராபிக் ஃபில்டரிங்கை (சாய்வாகத் தெரியும் தரை, சாலைகளைத் தெளிவாக்கும் வசதி) யாரோ சொன்னார்கள் என்று அணைப்பது வீண், தனி கார்டு இருந்தால் அதன் செலவு மிகக் குறைவு.

கார்டுதான் பிரச்சினை என்று உறுதியானவர்கள் எஃப்.எஸ்.ஆர். (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) இருக்கிறதா என்று கேம் மெனுவில் பாருங்கள். ஏ.எம்.டி. 2021-இல் கொண்டுவந்த இந்த வசதியின் முதல் தலைமுறைகள் என்விடியாவின் பழைய கார்டுகளிலும் ஓடும். 1080p-இல் 'குவாலிட்டி' என்று வைத்தால் உள்ளே வரைவது 720p அளவுதான், அதைப் பெரிதாக்கிக் காட்டும். எஃப்.எஸ்.ஆர். 2 வந்த பிறகு படமும் பரவாயில்லை. என்விடியாவின் இதே போன்ற டி.எல்.எஸ்.எஸ். வேண்டுமானால் ஆர்.டி.எக்ஸ். கார்டு வேண்டும், பழைய ஜி.டி.எக்ஸ்.ஸில் தேடாதீர்கள். பிராசஸர் திணறும் கம்ப்யூட்டரில் இவை எதுவும் பெரிதாக உதவாது.

சூட்டைப் பார்க்காமல் விடுவது

பழைய கம்ப்யூட்டர் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அடையாளம் ரொம்பத் தெளிவு: கேமைத் திறந்த முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடும், அப்புறம் படிப்படியாகச் சரியும், மூடிவிட்டு அரை மணி கழித்துத் திறந்தால் மறுபடி அருமையாக ஓடும். எந்த டிரைவரும் இப்படி நேரம் பார்த்துக் கெட்டுப்போகாது. பிராசஸர் தன் வெப்ப எல்லையை, பொதுவாக 95 முதல் 100 டிகிரி செல்சியஸை, நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இங்கே வெப்பநிலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. வெப்பத்துக்குப் பக்கத்திலேயே கடிகார வேகத்தையும் பாருங்கள். 97 டிகிரியில் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்பது அப்படியே நின்றால் எஃப்.பி.எஸ். சரிவுக்குக் காரணம் வேறு. 97-ஐத் தொட்டதும் 3.4 என்பது 1.8-க்கு விழுந்து, எஃப்.பி.எஸ்.ஸும் கூடவே விழுந்தால் விண்டோஸை அழித்துப் போடுவதை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவில் தூசி மெத்தை போலப் படிந்திருக்கும், ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று அதைத் தாண்டிப் போகாது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெடலாம். பல வருடம் கைபடாத இயந்திரம் என்றால் பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும், அதையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது. லேப்டாப்பைப் பிரிக்கப் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சூடு தாங்காத இயந்திரத்தை ஓவர்கிளாக் செய்வது (வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். எதிர்த்திசையில் யோசியுங்கள்: எஃப்.பி.எஸ்.ஸை 40 அல்லது 45 என்று வரம்பு கட்டினால் சூடு குறையும், ஓட்டமும் ஒரே சீராக இருக்கும். 30-க்கும் 60-க்கும் நடுவே ஊசலாடும் கேமைவிட 40-இல் நிலையாக ஓடும் கேம் விளையாடச் சுகம்.

லேப்டாப்காரர்களுக்கு இன்னொன்று. சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் கேம் ஆடினால் வேகம் குறைவது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பழைய சார்ஜர் கெட்டு, வாட் குறைவான இன்னொன்றை வாங்கி மாட்டியிருந்தாலும் இதே நிலைதான்.

சின்ன விஷயம் என்று விட்டுவிடுபவை

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா? சிரிக்காதீர்கள், கம்ப்யூட்டரை இடம் மாற்றி வைத்த பிறகு இது அடிக்கடி நடக்கும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் கேம் பலவீனமான உள் கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் என்று போய் அந்த கேமுக்கு 'ஹை பெர்ஃபாமன்ஸ்' தேர்ந்தெடுங்கள். தனி கார்டே இல்லாதவர்கள் ரேம் எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று பாருங்கள். 8 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 4+4 என்று இரண்டாக இருந்தால் உள் கிராபிக்ஸ் கண்கூடாக வேகமாகும், ஏனென்றால் அது கடன் வாங்குவது அந்த ரேமைத்தான், இரண்டு குச்சி என்றால் தரவு இரண்டு பாதையில் வரும்.

'கேம் பூஸ்டர்', 'ரேம் கிளீனர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நீக்கிவிடுங்கள். ரேம் கிளீனர் துடைத்தெறிவதில் பெரும்பகுதி விண்டோஸ் மறுபடி தேவைப்படும் என்று எடுத்துவைத்த தரவு, அதை டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்கும்போது இன்னும் மெதுவாகும். பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது டிஸ்க்கில் விண்டோஸ் பயன்படுத்தும் இடம்) அணைக்கச் சொல்லும் அறிவுரையும் அதே ரகம், ரேம் குறைவான கம்ப்யூட்டரில் அதைச் செய்தால் கேம் பாதியில் மூடிக்கொள்ளும். உண்மையில் மூட வேண்டியவை பின்னணியில் திறந்து கிடக்கும் பிரவுசர், விண்டோஸின் கேம் பார் பின்னணியில் செய்யும் வீடியோ பதிவு, இரண்டாவது ஆன்டிவைரஸ்.

டிரைவருக்கு என்று தனி 'அப்டேட்டர்' செயலி வேண்டாம், கார்டு கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். உங்கள் கார்டுக்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா என்றும் பாருங்கள். என்விடியாவின் கெப்ளர் (பெரும்பாலும் ஜி.டி.எக்ஸ். 600, 700 வரிசை) கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2021-லேயே நின்றுபோனது, மேக்ஸ்வெல் (பெரும்பாலும் 900 வரிசை), பாஸ்கல் (1000 வரிசை) கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், கெப்ளருக்கு அவையும் 2024-இல் நின்றுவிட்டன. டிரைவர் மாற்றிய முதல் நாள் கேம் அதிகமாக வெட்டினால் பதறி பழையதற்குத் திரும்பாதீர்கள், சேமித்து வைத்த ஷேடர்கள் (காட்சியை எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன நிரல்கள்) அழிந்து மறுபடி தயாராகின்றன. அதே இடங்களை இரண்டாம் முறை கடக்கும்போதும் வெட்டினால் அப்போது யோசிக்கலாம். டைரக்ட்எக்ஸ் (கேம் கார்டோடு பேசும் வழி) 12-இல் தடுமாறும் பழைய கார்டு 11-இல் ஒழுங்காக ஓடுவதும் உண்டு, மெனுவில் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

சில கேம்களோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. 2025-இல் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' ரே டிரேசிங் (ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும்) வசதி உள்ள கார்டையே கேட்கிறது, எந்த செட்டிங்ஸைக் குறைத்தாலும் ஜி.டி.எக்ஸ். 1060-க்கு அது இறங்கி வராது.

காசு செலவழிக்கும்போது

டிஸ்க் பயன்பாடு விளையாடும்போது 100-இல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, கேமோ ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். ஆனால் சராசரி எஃப்.பி.எஸ். ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது தீர்ப்பது லோடிங் நேரத்தையும், பெரிய திறந்தவெளி கேம்களில் ஓடும்போது வரும் வெட்டையும்.

கார்டு வாங்குபவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வார்கள். 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அது மதர்போர்டோடு பேசுவது பி.சி.ஐ.இ.யின் (கார்டு செருகும் இணைப்பின்) நான்கு தடங்களில்தான், 4.0 போர்டில் அது பரவாயில்லை, பழைய 3.0 போர்டில் அந்தப் பாதை பாதியாகச் சுருங்கும், 4 ஜிபி வி-ரேம் நிரம்பியதும் அடி பலமாக விழும். இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும்) வசதி இல்லாத போர்டில் கணிசமான வேகத்தை இழக்கும், பழைய போர்டுகளில் பலவற்றில் அந்த வசதி கிடையாது. பவர் சப்ளையின் வாட்டையும், கார்டு கேட்கும் மின் இணைப்பு அதில் இருக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன் பாருங்கள்.

லேப்டாப்பில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை, கிராபிக்ஸ் சிப் போர்டோடு ஒட்டியே வரும். மாற்ற முடிவது ரேமும் டிஸ்க்கும்தான், மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ரேமும் ஒட்டியிருக்கும், அதனால் ஆர்டர் போடுவதற்கு முன் மாடல் எண்ணை வைத்து ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள்.