இல்லாத படத்துக்கு ஒரு போஸ்டர்

கோடை விடுமுறைக்குத் தருமபுரி வந்த அக்கா மகனுக்கு மூன்றாம் நாளே அலுத்துவிட்டது. எட்டாம் வகுப்பு முடித்தவன். கணினியில் படம் வரையக் கொஞ்சம் தெரியும். “ஒரு சினிமா போஸ்டர் செய்வோமா?” என்றேன். “எந்தப் படத்துக்கு மாமா?” என்றான். எடுக்கவே படாத படத்துக்கு என்றதும் எழுந்து உட்கார்ந்தான். நாங்கள் நான்கு நாட்களில் செய்ததைத் தவறுகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். முன் அனுபவம் தேவையில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளும், ஒரு பென்சிலும், பழைய பஸ் டிக்கெட்டுகள் சிலவும் போதும்.

படி 1: கதை இரண்டு வரியில்

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் கதை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நாளிதழைத் திறந்தால் ஒரு செய்தி தவறாமல் வரும்: பிலிகுண்டுலுவில் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை. அந்தத் தடையையே கதையாக்கினோம். வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்ட இரவில் ஒரு பரிசல்காரர் மட்டும் ஆற்றில் இறங்குகிறார். ஏன் இறங்கினார் என்பதுதான் படம். தலைப்பு ‘ஒற்றைத் துடுப்பு’.

நடுவில் இருக்கும் ‘த்’ முக்கியம். சுவரில் பெரிய எழுத்தில் ஒற்றுப் பிழை நின்றால் பார்ப்பவர்களுக்குப் படம் நினைவில் இருக்காது, பிழைதான் இருக்கும்.

படி 2: பஸ் டிக்கெட்டில் ஓவியம்

உடனே கணினியைத் திறக்காதீர்கள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், அந்தச் சின்ன இடத்துக்குள், போஸ்டரை ஆறேழு விதமாகக் கிறுக்குங்கள். இடம் சிறிதாக இருப்பதால் மூக்கு, முழி, மீசை எதுவும் வரைய முடியாது. பெரிய வடிவங்கள் மட்டுமே நிற்கும். பென்னாகரம் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருப்பவர் ஓடும் பஸ்ஸிலிருந்து உங்கள் போஸ்டரைப் பார்க்கப்போவதும் அதே அளவில்தான்.

பையனின் முதல் ஆறு டிக்கெட்டுகளிலும் அருவி, கதாநாயகன் முகம், கத்தி, பின்னால் தீ. ஏழாவதில் சலித்துப்போய் ஒரு வட்டம் மட்டும் போட்டான். மேலிருந்து பார்த்தால் பரிசல் வெறும் வட்டம். அதற்குள் ஒரு துடுப்பு, ஆள் இல்லை. அதையே எடுத்துக்கொண்டோம். காலியான பரிசலைப் பார்ப்பவருக்கு “ஆள் எங்கே?” என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி எழுந்தால் படத்தின் வேலை முடிந்தது, மீதியைத் தலைப்பு பார்த்துக்கொள்ளும்.

படி 3: தாள்

இங்க்ஸ்கேப்பைத் திறந்து, ஆவணப் பண்புகளில் தாளின் அளவை ஏ3 என மாற்றுங்கள்: 297 × 420 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னணி நிறம் தாளுக்கு வெளியே நீண்டிருக்கட்டும். வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாது. படக்கோப்பாக ஏற்றுமதி செய்வதானால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், அதாவது 3508 × 4961.

படி 4: நிறம்

ஆறு என்றாலே கை நீலத்துக்குப் போகும். வெள்ளக் காவிரியைப் பார்த்தவர்கள் நீலம் பூச மாட்டார்கள்; அது மண்ணைக் கரைத்துக்கொண்டு செம்பழுப்பாகத்தான் வரும். பின்னணிக்கு நாங்கள் வைத்த எண்கள்: சிவப்பு 122, பச்சை 74, நீலம் 44. பரிசலுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு: 28, 20, 16. மூன்றாவதாக ஒரே ஒரு பளிச்: உயிர்காக்கும் உடுப்பின் ஆரஞ்சு, 240, 110, 20. பரிசலுக்குள் அந்த உடுப்பைச் சின்னதாகக் கிடத்தினோம். ஆள் இல்லை, அவர் அணிந்திருக்க வேண்டியது மட்டும் கிடக்கிறது. நான்காவது நிறம் வேண்டாம். தலைப்புக்கு வெளிறிய வெள்ளை. அதை நான் நிறக் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 5: பரிசல்

வட்டக் கருவியை எடுத்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி இழுத்தால் கோணாத வட்டம் வரும். உள்ளே மையத்திலிருந்து விளிம்புக்குக் கோடுகள் போட்டேன். பையன் எட்டிப் பார்த்து, “மாமா, இது மாட்டு வண்டிச் சக்கரம்” என்றான். உண்மைதான். பரிசலின் அடிப்பாகம் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுப் பின்னியது. கூடையின் இனம், சக்கரத்தின் இனமன்று. ஒகேனக்கல் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசல்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தும் அதைப் பார்க்காமல் வரைந்தது என் தவறு.

சரியான வழி இது. வட்டத்தின் அகலத்தை மூடுமளவுக்கு இணைகோடுகளை வரைந்து ஒரே குழுவாக்குங்கள். கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்திப் படியெடுத்து, ஒரு படியை 60 பாகையும் இன்னொன்றை 120 பாகையும் சுழற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மீண்டும் ஒரு குழுவாக்கி, மேலே புதிய வட்டம் ஒன்றை வைத்து, குழுவையும் அந்தப் புதிய வட்டத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்து ‘கிளிப்’ கட்டளையைக் கொடுத்தால் வட்டத்துக்கு வெளியே நீட்டியதெல்லாம் மறைந்துவிடும். கோடுகள் கறுப்பைவிடச் சற்றே வெளிறியிருந்தால் போதும். வெள்ளைக் கோடு போட்டால் முறுக்குத் தட்டு ஆகிவிடும்.

படி 6: தலைப்பெழுத்து

புதிதாகச் செய்பவர்கள் படத்துக்கு மூன்று நாளும் தலைப்புக்கு மூன்று நிமிடமும் செலவழிக்கிறார்கள். என் கணக்கு நேர்மாறானது. தமிழ் போஸ்டரில் தலைப்பெழுத்துதான் பாதி.

முதலில் ஒரு எழுத்துரு வேண்டும். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் தமிழுக்குக் கேட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி, கவிவனார் எனப் பல இலவசமாகக் கிடைக்கின்றன. நாங்கள் கேட்டமரனை எடுத்தோம். மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்களில் வருகிறது என்பது ஒரு காரணம். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த பெயர் என்பது இன்னொரு காரணம். பரிசல் படத்துக்கு அதைவிட்டு வேறு எதை எடுப்பது?

தலைப்பை ஒரே வரியில் அடித்தால் ‘றை’ பாதித் தாளைப் பிடித்துக்கொள்ளும். ‘ஒற்றைத்’ மேலே, ‘துடுப்பு’ கீழே என இரண்டு வரியாக்கினோம். வரிகளை நெருக்கும்போது கவனம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் செங்கல் போல அடுக்க அடுக்க நிற்கும். நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே வாலும் வளைவும் உண்டு. மேல் வரியின் ‘த்’ கீழே இறங்குகிறது, கீழ் வரியின் ‘ப்’ தலையில் புள்ளி வைத்திருக்கிறது. இரண்டும் முட்டினால் தூரத்தில் நிற்பவருக்குப் புள்ளி காணாமல்போய் ‘துடுபபு’ என்று தெரியும்.

இனி எழுத்தைச் செதுக்கும் வேலை. தலைப்பைத் தேர்ந்தெடுத்துப் ‘பொருளைப் பாதையாக்கு’ என்ற கட்டளையைக் கொடுங்கள் (கன்ட்ரோல், ஷிப்ட், சி). அதன்பின் அது எழுத்தன்று, வெறும் வடிவம். எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. ஆகவே முன்னதாக ஒரு படியைத் தனியே சேமித்துவிடுங்கள். குழுவைப் பிரித்துக் கணுக் கருவியை எடுத்தால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பிலும் சிறு கட்டங்கள் தெரியும். அவைதான் கணுக்கள்.

கடைசி எழுத்தான ‘பு’வைப் பாருங்கள். வலப்புறக் கோடு நேராகக் கீழே இறங்குகிறது. அதன் அடியிலுள்ள கணுக்களைப் பிடித்து இழுத்து, மூன்று மடங்கு நீளமாக்கி, நுனியை அகலப்படுத்தினோம். எழுத்தே துடுப்பாகி நேராகப் பரிசலுக்குள் இறங்கியது. அதோடு, பரிசலுக்குள் தனியே வரைந்திருந்த துடுப்பை அழித்துவிட்டோம்; ஒற்றைத் துடுப்பு என்று தலைப்பு வைத்துவிட்டு இரண்டைக் காட்டக் கூடாதல்லவா?

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. மூன்று புள்ளிகளையும் நீர்த்துளியாக்கினேன், ‘ஒ’வின் வயிற்றில் ஒரு சுழல் வைத்தேன். அக்கா காபியோடு வந்தவள், “இது என்ன, தண்ணீர் கேன் விளம்பரமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். துளிகளும் சுழலும் அன்றே போயின. ஒரு தலைப்பில் ஒரு வித்தை மட்டும்.

படி 7: சிறு எழுத்துகள்

தலைப்புக்கு மேலே ஒரு வரி: “தடை போட்ட இரவில் ஒருவர் மட்டும் இறங்கினார்.” அடியில் பெயர்கள். ஆங்கில போஸ்டர்களில் ஒல்லியான நெட்டை எழுத்தில் இருபது பெயர்களை நெருக்கிப் போடுவார்கள். அதைப் பார்த்துத் தமிழெழுத்தை அகலவாக்கில் நசுக்காதீர்கள். ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு கரிக்கறையாகிவிடும். நான்கைந்து பெயர்கள் போதும். அவையும் கற்பனைப் பெயர்களாகவே இருக்கட்டும். இருக்கும் நடிகர் பெயரைப் போட்டால் படம் உண்மையென்று யாராவது பரப்பிவிடுவார்கள்.

படி 8: அச்சு

முதல் முறை நான் சிறு எழுத்துகளைப் பாதையாக்காமல் கோப்பைக் கொடுத்தேன். அச்சுக்கடைக் கணினியில் எங்கள் எழுத்துரு இல்லை. ‘தொகுப்பு’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து நடுவில் புள்ளிவட்டம் ஒன்று முளைத்திருந்தது. காசு போனது. எல்லா எழுத்தையும் பாதையாக்கிப் பி.டி.எப். கோப்பாகக் கொடுங்கள்.

திரையில் எரிகிற ஆரஞ்சு தாளில் சற்று மங்கும், அது மையின் இயல்பு. முதலில் ஏ4 அளவில் ஒரு மாதிரி எடுத்து, சுவரில் வைத்து, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வட்டமும் தலைப்பும் ஆரஞ்சுப் பொட்டும் தெரிந்தால் ஏ3க்குப் போகலாம்.

ஒட்டுவது உங்கள் வீட்டுச் சுவரில் மட்டும். இரண்டு கரண்டி மைதாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை கிண்டி ஆறவிட்டால் பசை தயார். சுவரிலும் தாளின் பின்புறத்திலும் மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துணியால் ஒற்றுங்கள். காய ஓர் இரவு ஆகும். அதுவரை மின்விசிறியைப் போடாதீர்கள். எங்கள் போஸ்டரின் மேல் மூலை அப்படித்தான் சுருண்டது.